ஓவன் கதவை மறைத்த விசுவகர்மா

எலக்ட்ரோபிளேட்டிங் என்பது பெயிண்ட் அடிப்பது அல்ல. இதை முதலில் எழுதிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடம் இந்த வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் காதிலும் ஏறவில்லை.

தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தடவை ஃபோன் செய்தார். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத வராது என்றேன். பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றார். நான் பேசவும் மாட்டேன். அது அவருக்குத் தெரியாது. கடைசியில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் இல்லை. எங்கள் ஐந்தாம் மாடி மாமி.

இப்போது கல்கத்தா நியூ டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த மாமியின் வீட்டுக்காரர் பாங்க் அதிகாரி. நல்ல மனிதர்கள். போன மாதம் மாமி லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் கழற்றிய குழாய் ஒன்று.

"மாமா, இதப் பாருங்கோ. பில்டர் ஏமாத்திட்டான். ரெண்டே வருஷம், தோல் உரியறது."

"எதை வச்சுத் துடைக்கிறீங்க?"

"ஆசிட்தான். பாத்ரூம் கழுவறதுக்கு வாங்குவோமே, அது. வேலைக்கு வர மாசி ஊத்தித் தேய்ப்பா. பளபளன்னு ஆயிடுமே!"

"கரையறப்ப அப்படித்தான் பளபளக்கும்."

"சரி, வீட்லயே மறுபடி பூசிடலாமோன்னோ? யூடியூப்ல ஒருத்தன் உப்புத் தண்ணில பேட்டரி வயரை விட்டுப் பண்றான். நீங்க பக்கத்துல நின்னாப் போறும்."

நான் நிற்கவில்லை. ஏழாம் மாடியில் இறங்க வேண்டியவன் நான்கிலேயே இறங்கி, படியேறிப் போனேன். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அதை முகர்ந்தால் நெஞ்சு எரியும், மூச்சு திணறும். யாரும் செய்யாதீர்கள். மாமிக்கு மறுநாள் சொன்னேன். "யூடியூப்ல அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

எலக்ட்ரோபிளேட்டிங் என்றால் இதுதான். ஒரு தொட்டி. அதில், பூச வேண்டிய உலோகத்தின் உப்பு கரைந்த தண்ணீர். அந்த உலோகத்தின் தகட்டைத் தொட்டிக்குள் ஒரு பக்கம் தொங்கவிட்டு பாசிட்டிவ் கொடுக்க வேண்டும். பூசப்படும் பொருளை நடுவில் தொங்கவிட்டு நெகட்டிவ் கொடுக்க வேண்டும். கரண்ட் விட்டால் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது தண்ணீர் வழியாக வந்து பொருளின் மேல் உட்காரும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஏறும். குரோமுக்கு மட்டும் முறை கொஞ்சம் வேறு. தகட்டுக்குப் பதில் தண்ணீரிலேயே உலோக உப்பைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றபடி எல்லாம் இவ்வளவுதான்.

காலையில் எழுந்து நீங்கள் தொடுகிற குழாய் பித்தளை. அதன் மேல் நிக்கல், நிக்கலுக்கு மேல் குரோம். சேஃப்டி பின்னில் நிக்கல். சாவியில், பெல்ட் பக்கிளில், சைக்கிள் ஹாண்டிலில், எதிலும் இது இருக்கிறது. கரியாஹாட் நடைபாதையில் வாங்குகிற வளையலில் தங்கம் இருப்பது உண்மை. ஆனால் அடுத்த பூஜை வரைக்கும்கூட இருக்காது. உங்கள் ஃபோனுக்குள்ளும் தங்கம் பூசிய முனைகள் உண்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துத்தநாகம். முதலில் துத்தநாகம்தான் அரிபடும். அது தீர்ந்த பிறகுதான் துரு இரும்புக்கு வரும். இத்தனையையும் தொட்டுவிட்டு, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க, பாலிஷ் போடுற வேலையா?" என்று கேட்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது கார்டன் ரீச் பக்கம் ஆற்றோரத்தில். சின்னக் கப்பல்களைப் பழுது பார்க்கிற தனியார் கம்பெனி. இப்போது இல்லை. பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதில் மாமா சேர்த்துவிட்டார். முதல் ஒரு வருடம் கழுவும் தொட்டியில்தான் நின்றேன். கை தோல் உரிந்தது. பிறகு ஆசிட் தொட்டி, பிறகு ஜிங்க் தொட்டி. ஜிங்க் என்றுதான் துத்தநாகத்தைச் சொல்வோம். கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

எங்கள் பிளேட்டிங் ஷாப்புக்கு ஃபோர்மேன் ஹால்தார் பாபு. ஒல்லி. கண்ணாடியில் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருக்கும். பத்து வருடம் அதே நூல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எப்ப மாத்தினே?" வணக்கம், சுகம் எதுவும் கிடையாது.

பூசுவதற்கு முன் பொருளில் துளி எண்ணெய் இருக்கக்கூடாது. காரத்தில் கொதிக்கவைத்து, கழுவி, ஆசிட்டில் முக்கி, மறுபடி கழுவிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார். ஊற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிப்பார். தண்ணீர் ஒரே தாளாக முழுவதும் மூடி நின்றால் சுத்தம். எங்காவது திட்டாகப் பிரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. பிரிந்தால், "ஆபார்" என்பார். திரும்பவும் என்று அர்த்தம். ஒரு நாள் ஒரே கைப்பிடிக்கு ஐந்து தடவை ஆபார். ஆறாவது தடவை நான் எரிச்சலில் கைப்பிடியை அவர் மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்தேன். தண்ணீரை ஊற்றினார், பார்த்தார். "இப்ப சரி. ஆனா நீ வச்சதுல இங்க நசுங்கிடுச்சு" என்று விளிம்பைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பளபளப்பை அவர் கடைசியில்தான் பார்ப்பார். சில நாள் பார்க்கவே மாட்டார்.

இனி அந்த போல்ட் விஷயம். இது என் தப்பு. அதனால் சரியாக எழுத வேண்டும்.

சாதாரண போல்ட்டுக்கு ஜிங்க் பூசினால் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிடலாம். கடினமான இரும்பில் செய்த போல்ட் அப்படி இல்லை. ஆசிட்டிலும் தொட்டியிலும் இருக்கும்போது ஹைட்ரஜன் வாயு அந்த இரும்புக்குள் புகுந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. முறுக்கிப் பாரம் ஏற்றினால் அன்றைக்குத் தாங்கும். ஒரு நாளோ நான்கு நாளோ கழித்து, யாரும் தொடாமலே, டீக்கடை பிஸ்கட் மாதிரி முறியும். அதனால் தொட்டியிலிருந்து எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் சூட்டில் இருந்தால் வாயு வெளியேறிவிடும். நேரம் தாண்டினால் சிலதில் உள்ளே மயிரிழை விரிசல் விழுந்துவிடும். அப்புறம் எவ்வளவு சுட்டாலும் விரிசல் ஒட்டாது.

ஒரு வருடம், விசுவகர்மா பூஜைக்கு முதல் நாள் திங்கட்கிழமை, இருபத்து நான்கு போல்ட் வந்தது. மாட்டப் பதினெட்டு, உபரி ஆறு. கப்பலில் உயிர்காப்புப் படகைத் தொங்கவிடுகிற கப்பியைப் பிடிக்கும் போல்ட். கடின இரும்பு. அவசரம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவசரம் என்று எழுதாத ஜாப் கார்டை நான் பார்த்ததில்லை. ஹால்தார் பாபு அன்று முழுவதும் ஹெட் ஆபீஸில். நான்தான் ஷாப்பில் சீனியர். பதினோரு மணிக்குத் தொட்டியிலிருந்து எடுத்தேன். நல்ல வேலை. கழுவிக் கூடையில் அடுக்கி ஓவனுக்குக் கொண்டுபோனேன்.

ஓவன் கதவுக்கு முன்னால் விசுவகர்மா உட்கார்ந்திருந்தார். யானை மேல்.

கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஆயுத பூஜை மாதிரி, இங்கே பட்டறைக்காரர்களுக்கு விசுவகர்மா பூஜை. அன்று எந்த மெஷினையும் தொட மாட்டார்கள். வானம் முழுக்கப் பட்டம். எங்கள் ஷாப்பில் தரையெல்லாம் ஆசிட் ஈரம். காய்ந்த இடம் ஓவனுக்கு முன்னால் மட்டும்தான். வருடா வருடம் சின்ன சிலை, கதவுக்கு இரண்டு முழம் தள்ளி வைப்பார்கள். அந்த வருடம் பூஜைக்குச் செயலாளர் நிதாய். என்னைவிட ஆறு வயது சின்னவன், பாலிஷ் வேலை. முதல் தடவை செயலாளர் ஆனதால் பெரிய சிலை வாங்கி வந்துவிட்டான். யானையின் பின்பக்கம் ஓவன் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. முன்னால் கோலம் போட்டு, கலசம் வைத்து, குங்குமமும் வைத்தாகிவிட்டது.

"நிதாய், கதவைத் திறக்கணும். கொஞ்சம் நகர்த்து" என்றேன்.

நாங்கள் பேசியது வங்காளத்தில். தமிழில் எழுதுகிறேன். முத்துதா என்றால் முத்து அண்ணா, டாக்கூர் என்றால் சாமி.

"முத்துதா, உனக்குப் பைத்தியமா? டாக்கூர் உக்காந்தாச்சு. இனி விசர்ஜன் அன்னிக்குத்தான் எழுந்திருப்பார்."

"போல்ட் கெட்டுப்போகும்."

"போல்ட் என்ன மீனா, கெட்டுப்போக? புதன்கிழமை காலைல டாக்கூரைக் கங்கையில விட்டதும் ஓவன் உனக்குத்தான். வேணும்னா நீயே தூக்கி நகர்த்து. யானையோட தந்தம் உடைஞ்சா நான் பொறுப்பில்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கூடையைக் கீழே வைத்தேன். ஹெட் ஆபீஸுக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான்கு பேரைக் கூப்பிட்டு ஒரு முழம் நகர்த்தியிருக்கலாம். செய்யவில்லை. சாமி விஷயத்தில் மதராஸி தகராறு செய்தான் என்று பேர் வரும் என்று நினைத்தேன். சூடு சூடுதானே, இரண்டு நாள் தள்ளி வைத்தால் என்ன என்றும் நினைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஓவனில் வைத்தேன். எடுத்து நாற்பத்தேழு மணி நேரம் கழித்து. கார்டில் இரண்டு கட்டம் உண்டு: தொட்டியிலிருந்து எடுத்த நேரம், ஓவனில் வைத்த நேரம். முதல் கட்டத்தில் புதன் ஒன்பது மணி என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். ஹால்தார் பாபு பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போல்ட் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை லைன் வீட்டுக் குழாயடியில் செல்வராஜ் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வீடு. திருநெல்வேலிக்காரன். சங்கிலியும் கப்பியும் வைத்துப் பாரம் தூக்குகிற கூட்டத்துக்குத் தலைவன். வாய் ஓயாது.

"என்னவே, உம்ம போல்ட்டு வந்துட்டு. வெள்ளி மாரி மின்னுது. கழத்தி எம் பொண்டாட்டிக்குத் தோடு பண்ணிரலாமான்னு பாக்கேன்."

"எப்ப மாட்டுறீங்க?"

"நேத்து ராத்திரியே மாட்டிட்டோம். திங்கக்கெழம சோதனை. மொதல்ல தண்ணி மூட்டைய ஏத்தி எறக்குவாவ. தாங்கிட்டுன்னா நாங்க ஆறு பேரு ஏறணும். நாப்பது அடி ஒசரம்வே. கீழ ஆத்துல தண்ணி வத்துன நேரம்னா ஒரே இரும்புக் குப்பை. உழுந்தா பொறுக்கக்கூட ஆளு கெடைக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு வாயில் பல்பொடி காய்ந்துபோனது. தண்ணீர் மூட்டையை அது தாங்கும். அதுதான் இந்தக் கோளாறு. மூட்டைக்குத் தாங்கிவிட்டு, ஆள் ஏறின பிறகு விடும்.

நேரே ஷாப்புக்குப் போனேன். ஹால்தார் பாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாபு, அந்த போல்ட் கார்டு பொய்."

"எது பொய்?"

"தொட்டியிலிருந்து எடுத்தது திங்கள் பதினோரு மணி. டாக்கூர் கதவை மறைச்சுட்டார். புதன்கிழமைதான் ஓவன்ல வச்சேன்."

கார்டை எடுத்துப் பார்த்தார். "இதுல என் கையெழுத்தும் இருக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

மேனேஜர் பெரிய ஆள். கேட்டதும் முகம் சிவந்தது.

"திங்கட்கிழமை சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். போல்ட்டு பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"பார்த்துத் தெரியாது" என்றார் ஹால்தார் பாபு.

"தண்ணி மூட்டை ஏத்தினா தெரிஞ்சிடுமே?"

"அதிலயும் தெரியாது. ஆறு போல்ட்டைக் கொடுங்க. கட்டியான இரும்புல முறுக்கி வைக்கிறேன். நேரம் கொடுங்க."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு நாள்."

"திங்கட்கிழமை காலை வரைக்கும். அதுக்குள்ள ஒண்ணும் முறியலைன்னா மீதி பதினெட்டும் கப்பல்ல போகும். உங்க ஆள் வெளிய போவான்."

உங்க ஆள் என்றது என்னை.

ஆறு போல்ட்டையும் ஒரு இரும்புக் கட்டியில் வரிசையாக முறுக்கி மேஜையில் வைத்தோம். வியாழன் மதியம் ஆரம்பம். மாலை வரை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. அந்த இரண்டு நாள் எங்கள் ஷாப்புக்கு வந்த கூட்டம் பூஜைக்குக்கூட வரவில்லை. கார்ப்பெண்டர் வந்தான், பெயிண்டர் வந்தான், காண்டீன்காரன் வந்தான். வந்து மேஜையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

செல்வராஜ் மணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்தான்.

"என்னவே, கோழி இன்னும் அடைகாக்கா? குஞ்சு எப்ப பொரிக்கும்?"

"உனக்குத்தான்டா இது."

"எனக்கா? நல்லா மாட்டியிருந்த போல்ட்டக் கழத்தச் சொல்லிட்டு எனக்குங்கீரு. எம் பயலுவ நாலு பேரு நாள் பூரா தொங்கிக்கிட்டுக் கழத்துனானுவ. பொரிக்கலன்னா உம்ம கொழம்பு வச்சிருவானுவ."

நிதாய் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை மதியம் வந்து நின்றான்.

"எல்லாரும் நான்தான் காரணம்ங்கறாங்க. டாக்கூரை எழுப்பக்கூடாதுன்னுதான் சொன்னேன். ஆறு பேர் செத்தாப் பரவாயில்லைன்னு சொன்னேனா? நீ சொல்லவேண்டியதுதானே, ஆள் ஏறுற போல்ட்டுன்னு!"

அவன் சொன்னது சரி. நான் போல்ட் கெட்டுப்போகும் என்றுதான் சொன்னேன். நான்கு வார்த்தை கூட்டிப் பேசியிருந்தால் அவனே யானையைத் தூக்கியிருப்பான்.

சனி மாலை ஷாப்பைப் பூட்டினோம். ஆறு போல்ட்டும் அப்படியே இருந்தது. ஞாயிறு வீட்டில் இருந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. முறிய வேண்டும் என்றா, முறியக்கூடாது என்றா? முறியாமல் இருந்து மீதியைப் பூட்டினால் என் வேலை போகும். அது போகட்டும். அந்தப் பதினெட்டில் ஒன்று கெட்டதாக இருந்தால்?

திங்கள் காலை ஏழு மணிக்கு ஹால்தார் பாபு பூட்டைத் திறந்தார். நானும் நிதாயும் பின்னால். மேஜையில் கட்டி இருந்தது. எண்ணினேன். ஐந்து தலைதான் இருந்தது. ஆறாவது இடத்தில் வெறும் தண்டு, சாம்பல் நிறத்தில், மணல் மணலாக. தலையைக் காணோம். மூன்று பேரும் குனிந்து தேடினோம். ஆசிட் டிரம்முக்குப் பின்னால் நிதாய்தான் எடுத்தான். பூட்டிய ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமை எப்போதோ, யாருக்கும் கேட்காமல், தானாக விட்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் செல்வராஜ் வந்தான். "என்னவே, பொரிச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். நான் அந்தத் தலையை அவன் கையில் வைத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பளபளவென்றுதான் இருந்தது.

இருபத்து மூன்று போல்ட்டும் பழைய இரும்புக்குப் போனது. புது போல்ட் வந்தது. காலை ஏழு மணிக்குத் தொட்டியிலிருந்து எடுத்தேன். ஏழரைக்கு ஓவனில் வைத்தேன். மாலை வரை அந்தச் சூட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நிதாய் ஏழு தடவை டீ கொண்டுவந்தான். கார்டில் இருந்ததை இருந்தபடி எழுதினேன். பொய் எழுதியதற்கு மெமோ வந்தது. எழுதியது ஹால்தார் பாபு. தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். மேனேஜர் ஆபீஸ் பியூன் சொல்லித்தான் தெரியும். புது போல்ட்டிலும் ஆறை முறுக்கி எட்டு நாள் வைத்தார். எதுவும் முறியவில்லை.

சோதனை நாள். தண்ணீர் மூட்டை ஏறி இறங்கியது. ஆறு பேர் உடுப்பு மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். நான் கரையில் நின்றேன். ஹால்தார் பாபு பக்கத்தில் வந்தார்.

"ஏழு பேருக்கு இடம் இருக்கு" என்றார். "நீயும் ஏறு."

ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. செல்வராஜ் நகர்ந்து இடம் கொடுத்தான். கப்பி கிறீச்சிட்டது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே தொங்கியது. கீழே நாற்பது அடி.

செல்வராஜ் என் தொடையைப் பிடித்துக்கொண்டான். மெதுவாகக் கேட்டான்.

"தாங்குமாவே?"

"தாங்கும்."

"எப்பிடிச் சொல்லுதீரு?"

"நான் ஏறியிருக்கேனே."

"செரி. கைய மட்டும் இறுக்கிப் பிடியாதீரும். எலும்பு ஒடிஞ்சிரும்."

அப்போதுதான் பார்த்தேன். நான்தான் அவன் கையைப் பிடித்திருந்தேன். படகு தண்ணீரைத் தொடும் வரை விடவில்லை.